ஓக் இலைக் கிரீடம்

ரோமாபுரியில் தெயோன் என்றொரு ஞானி இருந்தார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் பாடம் கேட்க வருவார்கள். படைத் தலைவன் நுமேரியஸும் வருவான். தத்துவம் கேட்கக்கூட வெள்ளிப் பதக்கங்களை மார்பில் மாட்டிக்கொண்டு வருகிற ஆள்.

அன்று பதக்கம் எதுவும் இல்லாமல் வந்தான். குருவின் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"குருவே, ஒரு பொய் சொல்லிவிட்டேன். எப்படித் திருத்துவது?"

"என்ன பொய்?"

"போன போரில் கோட்டைச் சுவரடியில் அடிபட்டுக் கிடந்தேன். என்னைக் குத்த வந்தவனை ஒரு சிப்பாய் வெட்டிச் சாய்த்தான். என்னைத் தோளில் தூக்கி வந்தான். வோலூசஸ் என்று பெயர்."

"உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஓக் இலைக் கிரீடம் உண்டே. இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய மரியாதை!"

"பிழைத்தவன் தன் வாயால் சொன்னால்தான் கொடுப்பார்கள். எங்கள் பெரிய தளபதி, யார் காப்பாற்றியது என்று கேட்டார். நானாகவே எழுந்து வந்தேன் என்று சொல்லிவிட்டேன். தோளைத் தட்டி எனக்கு ஒரு பதக்கம் வேறு கொடுத்தார்."

"ஏன் அப்படிச் சொன்னாய்?"

நுமேரியஸ் தலை குனிந்தான்.

"காப்பாற்றியவனைச் சாகும்வரை அப்பா ஸ்தானத்தில் வைக்க வேண்டும். அவன் அடிமையாக இருந்தவனின் மகன். எங்கள் வீட்டு விருந்தில் அவனை எங்கே உட்காரவைப்பது?"

"அவன் என்ன சொன்னான்?"

"பக்கத்திலேயே நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை."

குரு தோட்டத்து ஓக் மரத்தில் ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்தார். நுமேரியஸ் தரையில் உட்கார்ந்து பின்னினான். வாள் பிடித்த கைக்கு இலை அடங்கவில்லை. ஒருவழியாக முடித்துவிட்டு எழுந்தான்.

"வோலூசஸ் இன்று விளையாட்டு அரங்கில் இருப்பான், மேல் வரிசையில். வேலைக்காரனிடம் கொடுத்து அனுப்பட்டுமா? யாருக்கும் தெரியாமல் அவன் கைக்குப் போய்விடும்."

குரு கிரீடத்தை வாங்கி அவன் தலையிலேயே வைத்தார்.

"நீயே கொண்டு போ. இப்படியே அரங்கத்துக்குள் நடந்து போ."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ குருவே! இதைத் தலையில் பார்த்தால் செனட்டர்கூட எழுந்து நிற்க வேண்டுமே. அரங்கமே எழுந்துவிடும். அந்த மரியாதைக்கு நான் தகுதியானவனா?"

"இல்லை."

"பிறகு எப்படிப் போவேன்?"

"எழுகிறவர்களையெல்லாம் உட்காரச் சொல்லிக்கொண்டே போ. ஏன் என்று கேட்பார்கள்."