தண்ணி குடிச்ச வேரும் பூக்காத கொடியும்

இது நான் நேர்ல பார்த்தது இல்ல, மகிழ். ஹாஸ்டல்ல என்கூட இருந்த கம்பத்துப் பொண்ணு சொன்னது. அவளுக்கு அவங்க பெரியம்மா சொன்னது. தப்பிருந்தா சித்தியைத் திட்டாத. சரி, கண்ணை மூடு.

ஒரு ஊர்ல ஒரு திராட்சைக்கொடி. வெச்சவ ஒச்சம்மா. அவ நாத்தனார் ஜக்கம்மாவும் அதே தாய்க்கொடியில குச்சி வாங்கித்தான் வேற ஒரு வேர்ச்செடி மேல ஒட்டுக் கட்டினா. ரெண்டுக்கும் மேல குச்சி ஒண்ணுதான், கீழ வேர்தான் வேற வேற. கேக்குறியா?

"ம்."

ஜக்கம்மா கொடி கொத்துக் கொத்தாப் பூத்துச்சு. ஒச்சம்மா கொடியில வெறும் இலை. "என்ன மதினி, திராட்சை வெச்சீங்களா, கீரை வெச்சீங்களா?"ன்னு ஜக்கம்மா சிரிச்சா. ஒச்சம்மா புருஷன் மாயாண்டி, "மூணு கவாத்து பார்ப்பேன். பூக்கலைன்னா கொடியைப் புடுங்கிட்டுப் பீர்க்கை போட்டுருவேன்"னுட்டாரு.

அப்புறம் ஒச்சம்மா மொதக் கவாத்துக்கு சரக் சரக்குன்னு கிளையை வெட்டிவிட்டு, குபுகுபுன்னு தண்ணி பாய்ச்சினா. இலை. ரெண்டாவது கவாத்துக்குக் கூடை கூடையா எரு போட்டா. இன்னும் பெரிய இலை. மூணாவதுக்குத் தண்ணியும் எருவும் சேர்த்து...

"இலை!"

ஆமாண்டி, முறம் மாதிரி இலை!

அப்போ மாயாண்டி கடப்பாரையோட வந்தாரு. டங், டங். ஒரு வேர் அறுந்துச்சு. ஒச்சம்மா அழுதுக்கிட்டே அதை எடுத்துப் பார்த்தா. அறுந்த இடத்துல சொட்டு சொட்டா தண்ணி, கண்ணுக்கே தெரியற ஓட்டை. ஒரே ஓட்டமா ஜக்கம்மாகிட்ட போனா.

"ஒரு வேர் குடு."

"பூ கேட்டா தரலாம், வேரையா கேப்பீங்க?"

ஆனா வெட்டிக் குடுத்தா. அதுல ஊசி குத்தின மாதிரி பொடிப்பொடி ஓட்டை.

"அடிப்பாவி வேரே, குடிக்கிறதே வேலையா இருந்தா எப்போ பூப்ப?"ன்னா ஒச்சம்மா.

"சித்தி, வேருக்கு வாய் இருக்கா?"

வாய் இல்லடா. உள்ள தண்ணி ஏறுற குழாய்.

அப்புறம் ஒச்சம்மா புருஷன்கிட்ட, "பாதிப் பந்தல் உங்க பீர்க்கைக்கு, பாதி எனக்கு"ன்னா. ஜக்கம்மா கொடியில ஒட்டுக்குக் கீழ, அந்தப் பொடி ஓட்டை வேர்லேர்ந்து முளைச்ச குச்சியை நட்டு வேர் விட வெச்சு, அதுமேல தன் கொடிக் குச்சியைச் சொருகி இறுக்கிக் கட்டினா. பீர்க்கை முந்திக்கிட்டு மஞ்சமஞ்சேன்னு பூத்துச்சு. மாயாண்டி மீசையைத் தடவிக்கிட்டாரு. கொடி மெதுவா ஏறிச்சு. இலையும் கம்மிதான்.

அடுத்த வருஷம் கவாத்து முடிஞ்சு, ஒரு நாள் காலையில ஜக்கம்மாதான் கத்தினா:

"மதினி! ஓடியாங்க! உங்க கீரை பூத்துருச்சு!"



கொடியும் பூத்தாச்சு, கதையும் பழுத்தாச்சு. தூங்கு தங்கம்.

தூங்கிட்டியா? ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. ஒச்சம்மா காயவெச்சு வெச்சிருந்த அந்தப் பழைய வேர்ல ஒரு துண்டும், ஜக்கம்மா வேர்ல ஒரு துண்டும் அந்தக் கம்பத்துப் பொண்ணு மூலமா கேட்டு வாங்கி, எங்க காலேஜ் லேப்ல மெலிசா சீவிப் பார்த்தேன். ரெண்டு துண்டை வெச்சு, இதனாலதான் பூக்கலைன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா ஒச்சம்மா வேர்ல குழாய் பெருசு. அது நானே அளந்தது.