படுகாயத் தெருவும் பூட்டிய கோட்டைக் கதவும்

சொல்லும்போது எங்காவது பிசகிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. ராஜா சங்கதி ஆயிற்றே. ஒரு சொல் மாறினால் ஒரு தலை போய்விடும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை இளந்திருமாறன் என்ற அரசன் ஆண்டான். காலையில் மாலை போடுவான், மாலையில் அதே கழுத்தை வெட்டச் சொல்வான். அப்படிப்பட்ட குணம்.

அந்த நாட்டில் போரில் ரத்தம் சிந்தியவனுக்கு அரண்மனை ஒரு துண்டு நிலம் விடும். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். சேந்தன் என்ற வீரனுக்கு முழங்காலோடு ஒரு கால் போயிற்று. அவனுக்கும் நிலம் கிடைத்தது. ஆனால் வீட்டில் ஆறு வயிறு. அதோடு, சும்மா உட்கார்ந்தால் அவன் கண்ணுக்குள் போர்க்களம் வந்துவிடும். அதனால் உட்கார்ந்தபடியே கிணற்றுக்கயிறு திரிக்கும் கூலி வேலைக்குப் போனான்.

அவன் நிலத்தை ஒட்டி வில்லவராயர் என்ற அரசவைக்காரரின் மாந்தோப்பு இருந்தது. அந்தத் துண்டும் சேர்ந்தால் தோப்பு சதுரமாகிவிடும் என்று அவருக்கு ஆசை.

ஒருநாள் சபையில் ஆரம்பித்தார். "வேந்தே, வேலை செய்ய முடியாதவனுக்குத்தானே நிலம்? அந்தச் சேந்தன் கயிறு திரிக்கிறான். ஊனம் என்று சொல்லி உங்களை ஏமாற்றுகிறான்."

அரசனுக்கு அன்று பல்வலி. "அப்படியா? பறையறையுங்கள்! உதிரப்பட்டி உண்பவர் எவரும் நாளை முதல் வேலையில் கை வைக்கக்கூடாது. வைத்தால் நிலமும் போகும், வைத்த கையும் போகும்!"

அமைச்சர் அம்பலக்கூத்தர் வாயைத் திறந்தார். அரசன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முறைத்தான். அவர் மூடிக்கொண்டார்.

பறைச்சத்தம் கேட்டதும் சேந்தன் மனைவி சாத்தி வீட்டுக்குள் ஓடினாள். கயிற்றுத் திரியைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள்.

"ஏண்டி, பாதி திரிச்சதுடி!"

"பாதி கையாவது மிஞ்சட்டும்யா. உள்ள போய்ப் படு!"

அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை. அவர்கள் குடியிருந்த படுகாயத் தெருவில் எல்லாருமே உதிரப்பட்டி பெற்றவர்கள்தான். வீடு வீடாக ஓடினாள். "அக்கா, உன் வீட்டுக்காரரை வெளிய விடாத. கையை வெட்டிருவாங்களாம்!" கோட்டைக் கதவு திறக்கும் ஒற்றைக்கையன் படுத்தான். முரசடிக்கும் காது கேளாதவன் படுத்தான். அரண்மனைச் சமையல்காரன், கண் போனவன், அவனும் படுத்தான். கடைசியில் யானைக்கொட்டிலுக்கே போய்விட்டாள். பட்டத்து யானைக்குப் போரில் ஒரு தந்தம் முறிந்ததால் அதன் பேரிலும் ஒரு கரும்புத் தோட்டம் உண்டு. பாகன் நடுங்கிப்போய் அதையும் படுக்கவைத்தான்.

விடிந்தது. முரசு முழங்கவில்லை. கஞ்சி வரவில்லை. அன்று பக்கத்து நாட்டு அரசன் விருந்துக்கு வந்து கோட்டைக்கு வெளியே வெயிலில் நின்றான். எதிர்கொண்டழைக்க யானை எழுந்திருக்கவில்லை.

"கலகமா?" என்று அரசன் வாளை உருவினான்.

"அந்த நொண்டியோட பெண்டாட்டிதான் ராத்திரி தெருத்தெருவா ஓடினாள்!" என்றார் வில்லவராயர்.

சாத்தியை இழுத்துவந்தார்கள். வாள்முனை அவள் கண்ணுக்கு நேரே மின்னியது. "கலகமெல்லாம் தெரியாது மகாராஜா... பயந்துட்டேன். அவ்வளவுதான்."

இப்போது அம்பலக்கூத்தர் எழுந்தார். "வேந்தே, இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள தெருவை நான் பார்த்ததே இல்லை. ஒருவர்கூட உங்கள் கட்டளையை மீறவில்லை. யானைகூட."

"கதவை யார் திறப்பது?"

"திறக்கிற கையை வெட்டச் சொல்லியிருக்கிறீர்கள். வில்லவராயர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் திறக்கட்டும்."

வில்லவராயர் போய்க் கதவின் குறுக்குமரத்தைத் தூக்கினார். மரம் அசையவில்லை. வேட்டிதான் அவிழ்ந்தது. "நெடுங்கரையில் ஆம்பிளையே இல்லையா?" என்று வெளியே இருந்து விருந்தாளி கத்தினான்.

அரசன் முகம் சிவந்தது. அமைச்சர் மெதுவாகச் சொன்னார்: "போன காலுக்கு உங்கள் தந்தை நிலம் கொடுத்தார், வேந்தே. மிச்சமிருக்கிற கையை அவர் விலைக்கு வாங்கவில்லையே."

வாள் இறங்குமா, ஏறுமா என்று சாத்தி கண்ணை மூடிக்கொண்டாள். அரசன் வாளை உறையில் போட்டான். பிறகு வில்லவராயரின் வேட்டியைப் பார்த்துச் சிரித்தே விட்டான்.

"உதிரப்பட்டி உண்பவர் விரும்பிய வேலை செய்யட்டும். ஓய்! இனி நீர் ஒற்றைக்கையனிடம் கதவு திறக்கப் பழகும். அம்மா, உனக்கு என்ன வேண்டும்?"

பொன் கேட்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். "இப்ப சொன்னதைக் கல்லுல வெட்டித் தாங்க மகாராஜா" என்றாள். நாளைக்கும் அவனுக்குப் பல் வலிக்கலாம் அல்லவா?

கல் வந்தது. தெருமுனையில் நட்டாள். ஆனாலும் தூக்கம் வரவில்லை. நட்ட கல்லைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்?

வெள்ளிக்கிழமை காலையில் கல்லைக் கழுவி மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், சிவப்புத் துணி கட்டி விளக்கேற்றினாள். வழிப்போக்கர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். அடுத்த வாரம் ஒருத்தி பொங்கல் வைத்தாள். தோப்புக்குப் போகும்போது வில்லவராயரே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத்தான் சாத்தி புதுத் தேங்காய்நார் வாங்கிவந்து புருஷன் மடியில் போட்டாள்.