சாம்பியன்களோடு முதல் ஆட்டம்

"நாங்க ஜெயிப்போமா மேடம்?"

கேட்டவர் தாசையன். கடலோரத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். தலை முழுக்க நரைத்துவிட்டது.

பதில் சொல்ல வேண்டியவர் ஷெர்லின். வயதில் அவரைவிட மிகச் சின்னவர். ஆனால் கூடைப்பந்தில் தாசையனுக்குக் குரு அவர்தான். ஓர் அணி பயிற்சி எடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், அதன் விதியைச் சொல்லிவிடுவார். தோற்கும் என்று அவர் சொன்ன அணி ஜெயித்ததாக யாருக்கும் நினைவில்லை.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தாசையனின் பெண்களுக்கு முதல் ஆட்டமே போன வருடச் சாம்பியன்களோடு விழுந்திருந்தது. இதில் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு, மைதானத்தில் கல்லூரி பஸ்களை நிறுத்தப் போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

மைதான ஓரத்து மணலில் உட்கார்ந்து அணியின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஷெர்லின் கண்ணை எடுக்கவில்லை.

"தோத்துருவீங்க சார்."

தாசையன் மைதானத்தைக் கை காட்டினார்.

"கேப்டன் அபிஷா இருக்காளே மேடம்? அவ கையில பந்து கிடைச்சா..."

"நல்லா ஆடுவா. ஆனா வலது பக்கம் மட்டும்தான் போறா. அவங்க அதை அடைச்சிருவாங்க."

"வேகமா ஓடி ஆடினா?"

"உங்ககிட்ட மாத்தி இறக்க ஆள் இல்ல. பாதி ஆட்டத்துக்குள்ள பிள்ளைங்களுக்கு மூச்சு வாங்கிரும். அவங்க பெஞ்ச்ல உக்காந்திருக்கிறவங்களே உங்களை ஜெயிப்பாங்க."

"அன்னைக்கு அவங்களுக்கு நேரம் சரியில்லாம போச்சுன்னா?"

"அப்பவும் ஜெயிப்பாங்க."

காற்று மணலை வாரி இறைத்தது. பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடினார்கள்.

"நான் இதுங்ககிட்ட என்ன சொல்லுவேன் மேடம்?"

ஷெர்லின் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"யார் ஜெயிப்பாங்கன்னு கேட்டீங்க, சொன்னேன். இது வேற கேள்வி சார்."

அதற்குப் பதில் சொல்லாமலே பஸ் ஏறப் போய்விட்டார்.

தாசையனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் பயிற்சிக்கு வந்ததும் கையைத் தட்டுவார். "ஜெயிக்கிறோம் பிள்ளைங்களா, ஜெயிக்கிறோம்!" என்பார். அவர் குரல் அவருக்கே அருவருப்பாக இருக்கும்.

ஆட்டத்து நாள் வந்தது.

அபிஷாவின் வலது பக்கத்தை அடைத்தார்கள். இடது பக்கம் போனாள். பந்தைப் பிடுங்கினார்கள். மறுபடியும் இடது பக்கமே போனாள். மறுபடியும் பிடுங்கினார்கள்.

இடைவேளைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாம்பியன்கள் தங்கள் முதல் வரிசையை உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை இறக்கினார்கள். அவர்களும் புள்ளிகளைக் குவித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. பிறகு சிரிக்கவும் அலுத்துப்போய்க் கலைந்தது.

கடைசி நொடியில் வெளியே போன ஒரு பந்துக்காக அபிஷா பாய்ந்து விழுந்தாள். முட்டி கிழிந்தது. அந்தப் பந்தால் எதுவும் மாறியிருக்காது.

தாசையன் கேலரிக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். அபிஷா நொண்டிக்கொண்டே தேடி வந்தாள்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தோப்போம்னு எனக்கு முன்னாடியே தெரியும்மா. மேடம் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட பொய் சொல்லிட்டே இருந்தேன்."

"எங்களுக்கும் தெரியும் சார்."

அவர் தலையைத் தூக்கினார்.

"அன்னைக்கு மேடம் கிளம்புனதும் உங்களுக்குத் தெரியாம பஸ் ஸ்டாப்புக்கு ஓடிப் போய்க் கேட்டோம். தோத்துருவீங்கன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் அங்கயே நின்னு அழுதோம்."

"கிரவுண்டு போயிரும்னும் தெரியுமா?"

"தெரியும் சார்."

முட்டியிலிருந்து ரத்தம் காலுறைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுமா இப்படி விழுந்து எழும்பி ஓடுனீங்க? எதுக்கும்மா?"

அபிஷா அவரைப் பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்பதுபோல.

"நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்கல்லா சார்."