விட்டுப்போன ஒரு கண்

வற்றிய குளத்தின் கரையில் ஒரு மருதமரம். அதன் பொந்தில் ஒரு கிளி இருந்தது. பொந்தின் அடிப்பக்கம் உளுத்து ஓட்டையாகியிருந்தது. போன வருஷம் இட்ட மூன்று முட்டைகளும் அந்த ஓட்டை வழியாகத்தான் விழுந்து உடைந்தன. வேறு பொந்துக்குப் போகலாம் என்றால், எல்லாவற்றிலும் மைனாக்கள் குடியேறியிருந்தன.

"ஓட்டைக்கு ஒரு பை பின்னி மாட்டிவிடலாம்" என்று கிளி முடிவு செய்தது. கற்றாழை நாரை உரித்து வந்தது. வளைந்த அலகுதான் கொக்கி. ஒரு வளையத்துக்குள் நாரைக் கொக்கி போட்டு இழுத்தால் அடுத்த வளையம் வரும். அந்த வளையத்துக்குக் கண் என்று பெயர். முட்டையைவிடக் கண் சிறியதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் பை குழியாமல் தோசை மாதிரி விரிந்தது. கிளி பிரித்தது. இரண்டாவது இறுகிச் சுருண்டது. அதையும் பிரித்தது. மூன்றாவதில் பாதியிலேயே நார் அறுந்தது.

கீழ்க்கிளை மைனா கேட்டது: "என்ன மதினி, பின்னுறது ஒரு நாள், பிரிக்கிறது ஒன்பது நாளா? பேசாம முட்டை போடுறதையே நிறுத்திடேன்."

மற்ற மைனாக்கள் சிரித்தன. கிளி புது நார் உரிக்கப் போனது.

நான்காவது பை நன்றாக வந்தது. கடைசிச் சுற்றில் இருக்கும்போதுதான் பார்த்தது. மூன்றாம் சுற்றில் ஒரு கண் விட்டுப்போயிருந்தது. அந்த இடத்தில் இரண்டு கண் அகலத்துக்கு ஓட்டை. சரிசெய்ய வேண்டுமானால் அதுவரை பிரிக்க வேண்டும். அரை நாள் வேலை.

"ஒரு கண்தானே மதினி, கண்டும் காணாம விட்டுடு" என்றது பக்கத்துக் கிளை அணில். "நாளானா நார் தானா இறுகிடும்."

"இறுகுமா?"

"இறுகும், இறுகும்."

அணில் பிறந்ததிலிருந்து ஒரு முடிச்சுகூடப் போட்டதில்லை. கிளிக்கு அது தெரியும். ஆனால் கீழே மைனாக்கள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தன. ஒரு இழை உருவினால் போதும், சிரிப்பு கிளம்பிவிடும். கிளி பையை அப்படியே மாட்டியது.

மூன்று முட்டை இட்டது. ஐந்தாம் நாள் காற்றடித்தது. பை ஆடியது. ஒரு முட்டை உருண்டு, எங்கும் போகாமல் நேராக அந்தக் கண்ணுக்கே போனது.

கீழே 'சொத்'தென்று ஒரு சத்தம்.

"அடடா, கொஞ்சம் பிரிச்சுப் பின்னியிருக்கலாமே மதினி" என்றது மைனா. பிரித்தபோதெல்லாம் சிரித்த அதே வாய்.

அணில் மறுநாளிலிருந்து தினம் ஒரு பழத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

இனிப் பிரிக்கவும் முடியாது. பையில் இன்னும் இரண்டு முட்டைகள் இருந்தன. கிளி தன் இடது காலை அந்தக் கண்ணின் மேல் விரித்து வைத்து உட்கார்ந்தது. அப்படியே பத்தொன்பது நாள். இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. கிளி எழுந்து நின்றபோது இடது கால் விறைத்துப் போயிருந்தது. பிறகு அது மடங்கவே இல்லை.

அடுத்தவர் சிரிப்புக்கு அஞ்சிக் கண்டும் காணாமல் விட்ட பிழைக்கு, பின்னால் அதன்மேலேயே காலை வைத்துக் காவல் இருக்க வேண்டிவரும்.