வேலை நேரத்தில் விழுந்த பரிசு

முதலில், தொழிலாளிகள் மில் வாசலில் நட்டு வளர்த்த மரத்தின் மாங்காய்களை முதலாளி நடேசபூபதி பறித்துக்கொண்டார். அடுத்து, பஞ்சு குடோனில் வாட்ச்மேனின் கோழி இட்ட முட்டைகளை எடுத்துக்கொண்டார். மூன்றாவதாக, நூல் சுற்றும் பூங்காவனத்தின் லாட்டரிச் சீட்டுக்கு ஐந்து லட்சம் விழுந்ததும் சீட்டையே பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வேலை நேரத்துல மில்லுக்குள்ள வந்தது எல்லாம் எனக்குச் சொந்தம். சீட்டை நீ இங்கதானே வாங்கினே?" என்றார்.

பூங்காவனத்துக்கு அந்தப் பணத்தில் ஒரே ஆசைதான். விடியுமுன் ஊதி எழுப்பும் மில் சங்கை விலைக்கு வாங்கிக் கிணற்றில் போட்டுவிட்டு, ஆசை தீரத் தூங்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று முதலாளி தன் மனைவி கனகவல்லியோடு வந்து எல்லோருக்கும் பொரி கொடுத்தார். பூங்காவனம் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, உங்க சட்டம் மாறாதே?"

"இம்மியும் மாறாது."

"அப்ப இவனைப் பிடிங்க. நீங்க லீவு தரலை, பகல் ஷிப்டுல பஞ்சு மூட்டை மேலதான் பொறந்தான். பின்னால இன்னும் ஏழு பேர் வர்றாங்க."

மூக்கொழுகும் பிள்ளைகளோடு ஏழு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பையன் முதலாளியின் மீசையை எட்டிப் பிடித்தான்.

கனகவல்லி பொரித்தட்டைக் கீழே போட்டாள். "பிள்ளை வேணும்னு நான் கோயில் கோயிலாச் சுத்துறேன், இங்க எட்டா?"

"ஐயோ, சட்டம் ரத்து!" என்று அலறினார் முதலாளி.

"அப்ப என் சீட்டு?" என்றாள் பூங்காவனம்.

"எடுங்க வெளியே," என்றாள் கனகவல்லி. "பின்னால யார் பேர் எழுதியிருக்குன்னு எல்லாருக்கும் கேக்க வாசிங்க."

மீசையைப் பையனிடம் விட்டுவிட்டு முதலாளி வாசித்தார்: "வே. பூங்காவனம்."