சீட்டு வெட்டிய தேனீ

அந்தக் காலத்தில் மிருகங்களுக்கும் பூச்சிகளுக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. பேசித் தீராத சண்டையும் இருந்தது. கோடை வந்தால் காட்டில் ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிஞ்சும். அது கலங்குவதற்குள் முதலில் குடிப்பது யார் என்று தினமும் அடிதடி. அந்தக் குட்டையின் கரைமண்ணில் இலைவெட்டித் தேனீ ஒருத்தி கூடு வைத்திருந்தாள். ஒரு கோடையில் காட்டெருமையும் பன்றியும் முட்டிக்கொண்டதில் கரை சரிந்து, அவள் பிள்ளைகள் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன. அழுது ஓய்ந்தபிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

"முட்டிக்கிறதுக்குப் பதிலா சீட்டாடுங்க," என்றாள் மிருகங்களிடம். "நான் இலையைக் கவுத்துப் போடறேன். ஆளுக்கு ஒண்ணு எடுங்க. பெரிய சீட்டு யார் கைக்கு வருதோ, அவங்க முதல்ல குடிக்கட்டும்."

உடம்பெல்லாம் காயமாக நின்ற மிருகங்கள் உடனே ஒப்புக்கொண்டன. சீட்டு வெட்டுவது தேனீயின் வேலை. இலைத்தோலுக்கு அடியில் புகுந்து வெள்ளைக் கோடு இழுக்கும் கோட்டுப்புழுதான் படம் போடவேண்டும். தேனீ பெரிய அதிகாரி மாதிரி சட்டம் போட்டாள். எல்லாச் சீட்டும் ஒரே புங்கமரத்து இலை. எல்லாம் ஒரே அளவு வட்டம். ஒரு சீட்டில் ஒரு உயிரின் படம். அந்த உயிரின் உடம்பு பெரிதாக இருந்தால் சீட்டின் மதிப்பும் பெரிது. எதிலும் இம்மி பிசகக் கூடாது.

"எல்லாமே சட்டமா அக்கா?" என்று புழு இழுத்தது. "சிலதைப் பொதுவா இப்படின்னு வச்சுக்கலாமே. தேவைப்பட்டா கொஞ்சம் விலகிக்கலாம்."

"விலகிக்கலாம்னா அது என்ன சட்டம்? பேசாம கோட்டை இழு."

ஆட்டம் ஆரம்பித்தது. இரண்டு நாளில் சப்பென்று ஆகிவிட்டது. காட்டெருமைச் சீட்டு யாரிடம் என்று தெரிந்ததும் மற்றவர்கள் தங்கள் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முயல் கொட்டாவி விட்டது. முள்ளம்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "மத்த சீட்டையெல்லாம் எதுக்கு வெட்டினே? இதுக்குச் சண்டையே தேவலை. நமக்கும் ஏதாவது வேலை இருக்கும்," என்றது.

சண்டை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தேனீ கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். கரையில் புதுக்கூடு கட்டி அப்போதுதான் முட்டை வைத்திருந்தாள். புழுவிடம் ஓடினாள்.

"பெரிய உடம்புக்குப் பெரிய பலம், பொதுவா சரிதான்," என்றது புழு. "ஆனா உண்ணி கடிச்சா காட்டெருமை என்ன பண்ணுது? நாள் பூரா மரத்துல உரசிக்கிட்டு நிக்குது. உண்ணிக்கு ஒரு சீட்டு போடறேன். அது காட்டெருமையை மட்டும் ஜெயிக்கட்டும். மத்த எல்லார்கிட்டயும் தோக்கட்டும்."

தேனீ அரை மனதோடு தலையாட்டினாள். மறுநாள் பன்றி காட்டெருமைச் சீட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தது. "எங்க போறே? இரு," என்று முயல் உண்ணியைத் திருப்பிக் காட்டியது. காடே சிரித்தது. நிஜக் காட்டெருமைகூடச் சிரித்தது. அன்றிலிருந்து எல்லோரும் கடைசிச் சீட்டு வரைக்கும் காத்திருந்தார்கள்.

அங்கேதான் தேனீ தப்பு செய்தாள். பன்றி வந்து, வட்டமான இலை வாயில் சிக்கவில்லை, ஒன்றிலாவது காம்பை விட்டுவைத்தால் கவ்வச் சௌகரியமாக இருக்கும் என்று கெஞ்சியது. ஒரு சட்டத்தை விட்டதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே, இதையும் விடுவோம் என்று நினைத்தாள். வாடிய சீட்டுகளுக்குப் பதில் புதிது வெட்டும்போது ஒரே ஒரு இலையைக் காம்போடு வெட்டினாள். இலைக்குள் இருந்த புழு காம்பைப் பார்க்கவில்லை. அதில்தான் காட்டெருமையை வரைந்தது.

முதல் நாள் பன்றி அந்தச் சீட்டை எடுத்தது, உண்ணி யார் கைக்கும் வராததால் முதலில் குடித்தது. எல்லோரும் அந்தக் காம்பைக் கவனித்துவைத்துக்கொண்டார்கள். மறுநாள் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்ததும் அத்தனை பேரும் அந்தக் காம்பின்மேல் பாய்ந்தார்கள். ஆட்டம் போய் மறுபடி முட்டல், கடி, மிதி. தூசி அடங்கியபோது கரை உடைந்து, கூட்டில் பாதிதான் மிஞ்சியிருந்தது. தேனீக்குப் பன்றியின்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம்தான் பெரிது.

"உன் பேச்சைக் கேட்டுத்தானே தளர்த்தினேன்?" என்று புழுவிடம் அழுதாள்.

"தளர்த்தினது தப்பில்லக்கா. எதைத் தளர்த்தறதுன்னு பார்க்கல. கவுத்துப் போட்டா எது என்னன்னு தெரியக் கூடாது. அது தெரிஞ்சா ஆட்டமே இல்ல. அதனால வெளி வட்டம் சட்டம். உள்ள போடற படம் பொதுவா இப்படி இருந்தாப் போதும்."

தேனீ மிருகங்களைக் கூட்டினாள். "இனிமே ரெண்டே சட்டம். எல்லாச் சீட்டும் ஒரே வட்டமா இருக்கும், யார் கேட்டாலும் மாத்த மாட்டேன். கீழே கிடக்கிற சீட்டை மிதிச்சவங்க இந்தக் கோடை முழுக்கக் கடைசியிலதான் குடிக்கணும். மத்தது புழுவோட இஷ்டம்."

தாகத்துக்குப் பயப்படாத மிருகம் எது? எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அன்று மாலை தேனீ இன்னும் சில சீட்டுகளை அதே அளவில் வெட்டிக் கரைக்குத் தூக்கிப் போனாள். மிஞ்சிய பிள்ளைகளை ஒவ்வொன்றாக அவற்றில் சுற்றிப் படுக்கவைத்தாள். வளையின் வாயை ஒரு வட்ட இலையால் மூடினாள். தண்ணீருக்கு வந்த காட்டெருமை காலைத் தூக்கியது, மண்ணில் சீட்டு கிடப்பதைப் பார்த்தது, குளம்பை நகர்த்தித் தள்ளி வைத்தது.

அன்று முதல்தான் இலைவெட்டித் தேனீ இலைகளை அளவெடுத்த வட்டமாக வெட்டிக்கொண்டுபோய்த் தன் பிள்ளைகளைச் சுற்றி வைக்கிறது. இலைக்குள் புழு இழுக்கும் வெள்ளைக் கோடோ ஒன்றைப் போல் இன்னொன்று இருப்பதே இல்லை.