இரண்டு இடது கால் பூட்ஸ்

விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை போடுகிற அந்த இரண்டு மாதமும் சின்னமணல்துறைக்காரர்கள் கரையில் இரண்டே வேலை பார்ப்பார்கள். ஒன்று, கிழிந்த வலையைத் தைப்பது. இன்னொன்று, பந்து விளையாட ஆள் பிடிப்பது. தைத்த வலை எப்படியும் ஒரு வருடம் தாங்கிவிடும். பிடித்த ஆள்தான் முதல் ஆட்டத்திலேயே கிழிந்துவிடுவான். மூன்று வருடமாக நங்கூரம் கால்பந்துக் கழகம் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. ஆனாலும் மே மாதம் பிறந்துவிட்டால் ஊருக்கே ஒரு நம்பிக்கை வந்துவிடும், காய்ச்சல் வருவது மாதிரி.

அந்தக் கடற்கரையில் ஓர் ஆட்டக்காரன் எந்த அணிக்கு ஆடுவான் என்பதைக் கையெழுத்து முடிவு செய்யாது. பூட்ஸ்தான் முடிவு செய்யும். கழகத்தின் ஆள் வீடு தேடிப் போய்க் கேட்பார். வீட்டில் பூட்ஸை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. போட்டி முடியும்வரை அது கழகத்தின் அலமாரியில் இருக்கும். ஆட்டத்தன்று மட்டும் வெளியே வரும். பூட்ஸ் எங்கேயோ கால் அங்கே.

இந்த வருடம் எழுவர் போட்டிக்கு நங்கூரத்திடம் ஆறு பேர்தான் இருந்தார்கள். கோல் போட்டுக்கொண்டிருந்த ஒரே ஒருவனும் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டான். ஏழு பெயர் இல்லாத பட்டியலை, போட்டியை நடத்துகிற தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும்வரை. இருபத்தேழு வருடத்தில் நங்கூரம் இல்லாமல் அந்தப் போட்டி நடந்ததில்லை.

“மூணு நாள் தாருங்க. ஆளோட வாறேன்” என்று வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவர் சூசைமிக்கேல். ஐம்பத்து மூன்று வயது. ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற வேலை. கழகத்துக்காக ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை, ஒரு ஆட்டத்தையும் பார்க்காமல் விட்டதில்லை. அவரை அனுப்பலாமா என்று செயலாளர் கிளீட்டஸ் தயங்கினார். “இந்த ஒரு தடவ என்னை நம்பும்” என்றார் சூசைமிக்கேல். அதற்கு மேல் கிளீட்டஸால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, மீன் வராததால் வெறிச்சோடிக் கிடந்த ஏலக்கூடத்துக்குள் அவர் ஒரு சாக்குப் பையோடு நுழைந்தார். கிளீட்டஸ் பட்டியலும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அணித்தலைவன் ஜெரோம் தூணில் சாய்ந்து நின்றான். ஓரத்தில் டீக்கடை போட்டிருந்த விண்ணரசி அடுப்பைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வேலையில்லாத பத்துப் பதினைந்து பேர் வலைக்குவியல்மேல் கிடந்தார்கள்.

பைக்குள் என்ன இருக்கிறது என்று சூசைமிக்கேலுக்கு மட்டும் தெரியும். முதல் இரண்டு நாளும் அவர் எங்கேயும் போகவில்லை. தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். இன்று காலைதான் ஆலந்தோப்புக்குப் போய், இந்தக் கரையிலேயே பேர்பெற்ற ஆட்டக்காரன் ரெஜினின் வீட்டுக் கதவைத் தட்டினார். ரெஜினும் தம்பி சிஜினும் தடை இல்லாத சின்ன வள்ளத்தில் மீன்பிடிக்கப் போயிருந்தார்கள். அம்மாக்காரி துவைக்கிற கல்லில் காய்ந்துகொண்டிருந்த நீல பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். மத்தியானத்துக்கு மேல் கிடைத்த பஸ்ஸில்தான் ஆசையாக எடுத்துப் பார்த்தார். இரண்டும் இடது கால். ஒன்று எட்டாம் நம்பர், ஒன்று ஒன்பது. எட்டு அண்ணனுடையது, ஒன்பது தம்பியுடையது. திரும்பிப் போக அந்நேரம் பஸ் இல்லை.

“யாரைக் கொண்டு வந்தீரு?” என்றார் கிளீட்டஸ்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சூசைமிக்கேல் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வாய்க்கு ஒரு பழக்கம் இருந்தது.

“அவசரப்படாதீரும். முதல்ல நான் மலப்புறம் போனேன்.”

“மலப்புறமா?” என்றான் ஜெரோம்.

“பின்னே, கழகத்துக்கு ஆள் எடுக்கணும்னா உலகத்தைச் சுத்தணும் மக்கா. அங்க ஒருத்தன் இருக்கான். அவன் அடிச்சா பந்து கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேக்கும். கோல் போஸ்ட்டைத் தேக்குல செஞ்சு வச்சிருக்கானுவ. எனக்க கண் முன்னால ஒண்ணு அடிச்சான். வலை கிழிஞ்சிட்டு. பந்து பின்னால இருந்த ரப்பர் தோட்டத்துக்குள்ள போச்சு. போன வழியில நாப்பது மரம். நாப்பதுலயும் உரசிட்டுப் போச்சு. இண்ணைக்கு வரைக்கும் அந்த மரத்துக்கெல்லாம் கத்தி வைக்க வேண்டாம், பால் அதுவா வடியுது. தோட்டக்காரன் இவனுக்கு மாசச் சம்பளம் பேசிட்டிருக்கான்.”

“அப்ப அவனைக் கொண்டு வந்திருக்கலாம்லா?”

“யோசிக்காமலா வந்தேன்? நம்ம மைதானத்துல கோலுக்குப் பின்னால என்ன இருக்கு?”

“கடல்.”

“ஒவ்வொரு கோலுக்கும் பந்தை எடுக்கப் படகு விடணும். இப்போ தடைக்காலம். எந்த அதிகாரி விடுவான்?”

வலைக்குவியலில் ஒருவர் இருமினார், அல்லது சிரித்தார். சூசைமிக்கேலுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தான் ஏன் இப்படி ஆகிப்போனோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஒரு பொய்யைச் சொன்னால் அதன் நிழலில் கொஞ்ச நேரம் நிற்கலாம். நிழல் நகரும்போது இன்னொன்றுக்கு ஓட வேண்டும்.

“அஞ்சு பத்து” என்றார் கிளீட்டஸ்.

“சொல்லுதேன்லா. அங்கேருந்து கோழிக்கோடு. அங்க ஒரு கோல்கீப்பர். கையி எம்புட்டு நீளம்னா, நிண்ணமேனிக்கே பூட்ஸுக்குக் கயிறு கட்டுவான். அவன் கோல்ல நிண்ணா பின்னால காத்து வராது. போஸ்ட்டுக்குப் பின்னால இருந்து ஆட்டம் பாக்குதவங்களுக்குக் கமிட்டிக்காரங்க ஃபேன் போட்டுக் குடுத்திருக்காங்க. வீட்ல கொசுவலை கெடையாது. பொண்டாட்டி புள்ளைங்களைப் படுக்க வச்சிட்டு, இவன் வாசல்ல நிப்பான். ஒரு கொசு உள்ள போவாது.”

“அவன் எப்ப தூங்குவான்?” என்றாள் விண்ணரசி.

“அதுதான் பிரச்சினையே. தூங்காத மனுசன் கோவக்காரனா இருப்பான் தங்கச்சி. அதோட, புடிச்சதை விடமாட்டான். போன வருசம் ஒரு பெனால்டியைப் புடிச்சவன் பந்தைத் திருப்பிக் குடுக்க மூணு நாள் ஆச்சு. நான் மரியாதைக்குக் கை நீட்டினேன். ஒண்ணரை மணிக்கூறு விடல. ரெண்டு பஸ் போயிட்டு.”

“நீரு பஸ்ஸை விட்டது மட்டும்தான் இதுல நம்புற மாதிரி இருக்கு” என்றான் ஜெரோம்.

“வோய், ஏழாவது பேரு” என்றார் கிளீட்டஸ். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

“வாறேன். திருச்சூர்ல ஒரு பொடியன். பந்தைக் கால்ல வாங்கிட்டா ஒருத்தனும் எடுக்க முடியாது. இவனை மறிக்க வந்த ஒரு ஆளு, அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பித் திரும்பி, தலை சுத்தி, ஆட்டம் முடிஞ்சு அடுத்த வீட்டுக்குப் போயி உக்காந்து சோறு தின்னுட்டான். அந்த வீட்டுக்காரியும் ஆட்டம் பாத்துட்டு வந்தவ. அவளும் தலை சுத்திப் பரிமாறிட்டா. நான் பாக்கப் போன அண்ணைக்குப் பந்தோட ஏழு பேரையும் வெட்டி ஒதுங்கினான். ரெஃபரியை வெட்டினான். நிக்க மனசு வரல. மைதானத்தை விட்டு ரோட்டுக்கு வந்து, போலீஸ்காரனை வெட்டி, பஸ் ஸ்டாண்டுக்குள்ள புகுந்து, பந்தோட பாலக்காடு பஸ்ல ஏறிட்டான்.”

“ஆட்டம்?”

“எல்லாரும் காத்திருந்தோம். மறுநாள் மத்தியானம் அதே பஸ்ல வந்து இறங்குதான், பந்து கால்லயே இருக்கு. நேரா வந்தான், கோல் போட்டான்.”

“குடுத்தாங்களா?”

சூசைமிக்கேல் வருத்தத்தோடு தலையாட்டினார். “ஆஃப்சைடு.”

இந்த முறை ஜெரோமும் சிரித்துவிட்டான். கிளீட்டஸ் சிரிக்கவில்லை. “சூசை, அஞ்சு இருபத்தஞ்சு. கதை நல்லாத்தான் இருக்கு. அதுல ஒரு ஆளும் பட்டியல்ல வர மாட்டேங்கான். அந்தப் பையில என்ன இருக்கு? அதைச் சொல்லும்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இந்த ஒரு தடவை நம்பியவரின் சோர்வு இருந்தது. அதைக் கேட்டதும் சூசைமிக்கேலுக்கு வேறு கதை எதுவும் வரவில்லை. பையை அவிழ்த்து இரண்டு பூட்ஸையும் ஏலம் போடுகிற மேடைமேல் வைத்தார்.

“ரெஜினுக்க வீட்டுக்குப் போனேன். அவனுக்க அம்மை தந்தா. ஒண்ணு அவனுக்கு உள்ளது, ஒண்ணு தம்பிக்கு உள்ளது. ரெண்டும் இடது. பஸ்லதான் பாத்தேன்.”

ஜெரோம் குனிந்து இரண்டையும் புரட்டிப் பார்த்தான். பிறகு, ரப்பர் மரத்துக்கும் கொசுவுக்கும் பாலக்காடு பஸ்ஸுக்கும் சேர்த்துச் சிரிக்காத சிரிப்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

“இதுதான் எல்லாத்துக்கும் மேல” என்றான் ஜெரோம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சந்தையில ஒத்தைச் செருப்பு விக்குதவன்கிட்ட வாங்கிட்டு வந்து, ரெஜின் வீடாம், அம்மை தந்தாளாம்.”

“நெசமாத்தான் இருக்கும் ஜெரோம்” என்றாள் விண்ணரசி.

“அக்கா, நீங்களும் சேர்ந்துக்கிட்டு.”

சூசைமிக்கேல் அந்த இரண்டு நீல பூட்ஸையும் பார்த்துக்கொண்டு நின்றார். பால் வடிகிற மரத்தைக்கூட அரைமனதோடு கேட்டார்கள். தன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மைக்கு உட்கார இடம் இல்லை. இதற்கு யாரைக் குறை சொல்ல முடியும்? கிளீட்டஸ் பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. குருசுப்பாறை ஊரின் சுறா அணிச் செயலாளர் மரியதாசன். மூன்று வருடமும் நங்கூரத்தை முதல் சுற்றில் வீட்டுக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான். எல்லோருக்கும் கேட்கும்படி கிளீட்டஸ் ஸ்பீக்கரைப் போட்டார்.

“கிளீட்டஸ், உம்ம ஆளு காலையில ஆலந்தோப்புல இருந்து பூட்ஸ் எடுத்தானா?”

“ஏன் கேக்குதீரு?”

“ரெண்டும் இடதா?”

சிரிப்பு நின்றது.

“நாங்க மத்தியானம் போனோம்” என்றது குரல். “அண்ணனை நீங்க எடுத்தாச்சு, தம்பிதான் இருக்கான்னு சொல்லி அந்தப் பொம்பள மிச்சத்தைத் தந்தா. இங்க வந்து பாத்தா எங்க கையில ரெண்டும் வலது.”

ஜெரோம் மெல்லத் திரும்பி சூசைமிக்கேலைப் பார்த்தான். வலைக்குவியலில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

“சரி, மாத்திக்கிடுவோம்” என்றார் கிளீட்டஸ். “ரெஜினுக்க வலதைத் தாரும். தம்பிக்க இடதை நீரு வச்சுக்கிடும். முதல்ல போனது எங்க ஆளுதான்.”

“முதல்ல போனா என்ன? முழுசா கொண்டு போவணும்லா. எட்டாம் நம்பர்ல பாதி எங்க கையில இருக்கு. ரெஜின் எங்களுக்கு. தம்பியை நீங்க எடுங்க. இல்லைன்னா ரெண்டு பயலும் வீட்ல இருக்கட்டும். எங்களுக்கு ஏழு பேரு இருக்கு.”

சிஜின் ஒரே ஒரு கோல் போட்டிருக்கிறான் என்பது கரை முழுக்கத் தெரியும். அது சொந்த அணியின் கோலுக்குள் போட்டது. ஆனாலும் அவன் ஏழாவது பெயர். மணி ஐந்து முப்பத்தைந்து. ‘சரி’ என்று சொல்லக் கிளீட்டஸ் வாயெடுத்தார்.

சூசைமிக்கேல் முன்னால் வந்தார். மலப்புறத்தையும் கோழிக்கோட்டையும் அளந்த அந்தக் குரல் இப்போது மிகவும் சின்னதாக இருந்தது.

“ரெஜினுக்க இடதைக் குடுத்திரும் கிளீட்டஸ். நான் போனதே தம்பிக்குத்தானே.”

போனில் மரியதாசனுக்கும் அது கேட்டது.

“அது யாரு?” என்றார் மரியதாசன்.

“சூசைமிக்கேல். ரெஜினை நீங்களே எடுங்க அண்ணாச்சி. நல்ல பய. முட்டுவலி எல்லாம் இப்போ இல்லைன்னு அவனுக்க அம்மை சொன்னா.”

“முட்டுவலியா?”

“இல்லைன்னுதான் சொல்லுதேன். காலையில எந்திரிக்கும்போது மட்டும் கொஞ்சம். எண்ணெய் போடுதானாம். போட்டிக்குள்ள சரியாயிரும்.”

“தம்பி எப்படி?”

சூசைமிக்கேல் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். கதை சொல்லத் தெரிந்த இந்த வாழ்நாளில் அவர் கதை சொல்லாமல் இருந்த ஒரே நிமிடம் அதுதான்.

“சும்மா பொடியன்” என்றார் கடைசியில். “ஒண்ணும் பெரிசா இல்ல. நீங்க அந்த வலதை மட்டும் சீக்கிரம் அனுப்பினா போதும்.”

மறுமுனையில் யாரோ யாரிடமோ குசுகுசுப்பது கேட்டது. பிறகு மரியதாசன் வந்தார்.

“தம்பியைத் தர முடியாது. ரெஜினை எடுத்துக்கிடுங்க. பாலத்துக்கிட்ட ஆளை அனுப்புங்க.”

ஜெரோம் ஒன்பதாம் நம்பர் இடதைப் பிடுங்கிக்கொண்டு பைக்கில் பறந்தான். ஐந்து ஐம்பதுக்கு எட்டாம் நம்பர் வலதோடு வந்து நின்றான். கிளீட்டஸ் ஏழாவது வரியில் ரெஜினின் பெயரை எழுதி, ஈரம் காயாமலே பங்கு அலுவலகத்துக்கு ஓடினார். அவர் உள்ளே நுழைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் மணி அடித்தது.

திரும்பி வந்தவர் விண்ணரசியிடம் சூசைமிக்கேலுக்கு ஒரு டீ சொன்னார். இத்தனை வருடத்தில் கிளீட்டஸ் அவருக்குச் சொன்ன முதல் டீ அது. அதை ஒரு மடக்கு குடித்ததும் சூசைமிக்கேலுக்குப் பழைய குரல் திரும்ப வந்துவிட்டது.

“இப்போ சொல்லலாம்” என்றார் காலை நீட்டி உட்கார்ந்து. “ஒரு ஜோடி எடுத்தா ஒரு ஆளு. அது யாரு வேணும்னாலும் செய்வான். ரெண்டு இடதை எடுத்தா ரெண்டு ஆளும் நம்ம பிடியில. ஆலந்தோப்புல கல்லுல நாலு பூட்ஸும் கிடந்தது மக்கா. பாத்தேன். மத்தியானம் மரியதாசன் வருவான், மிச்சத்தை வாரிட்டுப் போவான், அஞ்சரைக்கு போன் அடிப்பான், எல்லாத்தையும் அங்க நிண்ணே கணக்குப் போட்டேன். அதுக்கப்புறம்தான் அம்மைக்கிட்ட, இடது ரெண்டையும் தாங்கன்னு கேட்டேன்.”

ஜெரோம் அவரையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் சொன்னபடியே எல்லாம் நடந்திருந்ததால் பொய் என்று தள்ளவும் அவனால் முடியவில்லை. “நெசமாவா வோய்?”

விண்ணரசி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“அப்ப, நாலரை பஸ்ஸுல இறங்கி, அந்தோணியார் சிலை வச்ச குருசடி முன்னால முட்டுக்குத்தி, ரெண்டையும் வரிசையா வச்சு, ‘அந்தோணியாரே, இதுல ஏதாவது ஒண்ணை வலதா மாத்தித் தாரும்’னு கேட்டுக்கிட்டிருந்தது வேற யாரோ ஆக்கும்.”